உழாத அரை ஏக்கர்

வீட்டுக்குப் பின்னால் இருந்த அரை ஏக்கர் தோட்டத்துக்குள் டிராக்டரை இறக்கப் போனவர், வழியில் மனைவி நிற்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். ஊரில் எல்லார் நிலத்தையும் கூலிக்கு உழுபவர் அவர்தான்.

மண்ணை மூடிக் காக்கட்டும் என்று, குளிர்காலத்துக்கு முன்பே அவள் அங்கே ஓட்ஸும் தீவன முள்ளங்கியும் விதைத்திருந்தாள். கடும் பனியில் அவை தாமாகவே பட்டுப்போய், மண்ணின் மேல் பாய் விரித்ததுபோல் கிடந்தன.

"தள்ளு. நம்ம தோட்டம் மட்டும் குப்பைமேடு மாதிரி கிடக்கு. 'டிராக்டர்காரர் வீட்டுல டீசல் தீர்ந்துபோச்சா'ன்னு விதைக்கடைக்காரர் கேக்கறாரு. வெளியில தலைகாட்ட முடியல."

"அவர் சிரிக்கறாருன்னு உழறீங்களா, மண்ணுக்கு வேணும்னு உழறீங்களா?"

அவர் எஞ்சினை உறுமவிட்டார். அவள் வழியைவிட்டு நகரவில்லை.

"வருஷா வருஷம் உழுதோம். மழை பெஞ்சா மேல்மண்ணெல்லாம் கரைஞ்சு ரோட்டுக்குத்தான் போச்சு. இந்த ஒரு தடவை விடுங்க. விளையலன்னா நானே வண்டியில ஏறி உழறேன்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர் வண்டியைப் பின்னால் எடுத்தார். அவள் தனியாகவே வேலையைத் தொடங்கினாள். வெயில் பட்டு மண் சூடேற, சருகை வரிசை வரிசையாக விலக்கினாள். சிறு களைக்கொத்தால் கோடு கீறி, பட்டாணியும் பசலைக்கீரையும் விதைத்தாள். வேறெங்கும் மண்ணைப் புரட்டவில்லை.

அடுத்த வாரம் முழுக்க மழை. உழுது போட்ட நிலங்கள் சேறாகின. விதைக்கடைக்காரரின் வயலில் உழப் போன கணவரின் டிராக்டர் அச்சுவரை புதைந்து, நாலு பேர் சேர்ந்து இழுக்க வேண்டியதாயிற்று. சேறு காயாமல் மூன்று வாரத்துக்கு யாராலும் விதைக்க முடியவில்லை.

சேறு அப்பிய காலோடு வீடு திரும்பிய கணவர் நேராகத் தோட்டத்துக்குப் போனார். தண்ணீர் எங்கும் தேங்கவில்லை. முள்ளங்கி அழுகிய துளைகள் வழியே மழை உள்ளே இறங்கியிருந்தது. குனிந்து சருகை விலக்கினார். கறுத்துப் பொலபொலத்த மண்ணில் மண்புழுக்கள் நெளிந்தன. வரிசை முழுக்கத் தளிர்.

"இங்க வந்து பாரேன்" என்றார், அவரே விதைத்தவர்போல.

"நான் தினமும்தான் பாக்கறேன்" என்றாள் அவள்.

அந்த வசந்தத்தில் சந்தைக்கு முதலில் வந்த பட்டாணியும் கீரையும் அவளுடையவை. கூடையைச் சுமந்து வந்தவர் கணவர். காலைப்பொழுது பாதி கழிவதற்குள் கூடை காலி.

"அண்ணே, இந்த வருஷம் அண்ணிக்கு அதிர்ஷ்டம்" என்றார் விதைக்கடைக்காரர்.

டிராக்டர்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "அதிர்ஷ்டம் இல்லங்க, அறிவு. ஊர் சிரிக்குமேன்னு பயந்துதான் இத்தனை வருஷமும் மண்ணைக் கிழிச்சுப் போட்டோம். நிலத்துக்கு எது நல்லதுன்னு நிலத்தைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும், அடுத்தவன் வாயைப் பாத்து இல்ல. உங்க வயலுக்கும் யோசனை வேணும்னா வாங்க. ஆனா எங்கிட்ட இல்ல, அவகிட்ட கேளுங்க."