நாலு போல்ட் நம்பிக்கை

வெல்டருக்கு நெருப்பு வைத்து ஒட்டியதில்தான் நம்பிக்கை. போல்ட் என்பது அவனுக்குக் குடிகாரன் வாக்கு மாதிரி, எப்போது கழலும் என்று சொல்ல முடியாது. அவனுடைய அக்காவோ தச்சு வேலைக்காரி, கழற்றி மாட்டுவதிலேயே கை தேர்ந்தவள். ஊர்த் திருவிழாவுக்கு இருவரும் சேர்ந்து செய்யும் அலங்கார ஊர்தியை ஊர்வலம் முடிந்ததும் உடைத்துக் குப்பையில் போடுவது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"எலும்புக்கூடு ஒண்ணுதான்டா. சட்டைய மட்டும் வருஷா வருஷம் மாத்துவோம்" என்று, டிரெய்லர் மேல் நிற்கும் இரும்புச் சட்டம் ஒன்றை வரைந்து கொடுத்தாள். இந்த வருடம் அது பறவை. கழுத்துக் கம்பத்தின் உச்சியில், தரையிலிருந்து பன்னிரண்டு அடியில் ஓர் இருக்கை. கம்பத்தை மடித்துச் சாய்க்க அதன் நடுவில் ஒரு மடக்கு, அதைப் பிடித்திருப்பது நாலே நாலு போல்ட்.

அங்கே உட்காரப்போவது வெல்டரின் ஏழு வயது மகள். ஒரு வாரமாக அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா நாலு மணல் மூட்டைகளை ஏற்றி ஆட்டிக் காட்டினாள். மூட்டை விழுந்தால் மூட்டைதானே போகும் என்று நினைத்துக்கொண்டான். ஊர்வலத்துக்கு முந்தின நாள் அவள் துணி வாங்கப் போன நேரத்தில், மடக்கைச் சுற்றி வெல்டிங் வைத்து, மேலே பெயின்ட்டும் அடித்துவிட்டான். மடக்குவது கொட்டகையில் வைக்கத்தானே, ஊர்வலம் முடிந்ததும் அறுத்துக்கொள்ளலாம் என்பது அவன் எண்ணம். வழியில் ரயில் பாலம் வரும், அங்கேயும் மடக்க வேண்டும் என்று அக்கா வரைந்து கொடுத்த அன்றே சொல்லியிருந்தாள். பயம் பிடித்தவன் காதில் அது எங்கே ஏறும்?

பாலத்தின் முன்னால் ஊர்தி நின்றது. அக்கா குழந்தையை இறக்கிவிட்டு நாலு போல்ட்டையும் கழற்றினாள். கம்பம் அசையவில்லை. பின்னால் வந்த பேண்டு வாத்தியக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். வெல்டர் திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றான்.

அக்கா நகத்தால் பெயின்ட்டைச் சுரண்டினாள்.

"எப்படா பண்ணின?"

"நேத்து... பயமா இருந்துச்சுக்கா."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "கிரைண்டர எடு."

ஊர்தியிலேயே ஜெனரேட்டர் இருந்ததால் பிழைத்தார்கள். பறவையின் துணிச் சிறகுகளை ஈரச் சாக்கால் மூடி, தான் வைத்த வெல்டிங்கைத் தானே அறுத்தான். கம்பம் மடங்கிப் பாலத்தைக் கடந்து, மறுபக்கம் நிமிர்ந்தது. அக்கா ஸ்பேனரை அவன் கையில் கொடுத்தாள். உள்ளங்கை சிவக்கும்வரை இறுக்கினான்.

"அப்பா, ஏறட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் அவனுக்கு நாக்கு துடித்தது.

"ஏறும்மா" என்றான்.

மீதி வழி முழுக்க அந்த நாலு நட்டுகளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பக்கத்திலேயே நடந்தான். ஒன்றுகூட இம்மியும் நகரவில்லை. மைதானத்தில் இறங்கி வந்த மகளின் முகம் தொங்கிக் கிடந்தது.

"மேலேருந்து எத்தன தடவ கை காட்டினேன்! நீங்க ஒரு தடவகூட என்னைப் பாக்கலியேப்பா."