மேல் மடிப்பு

என் மச்சினன் எனக்குத் தர வேண்டியிருந்தது பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய். பழைய சரக்கு வேன் ஒன்று வாங்குவதற்காக வாங்கிய பணம். அந்த வேன் ஒரு மழைக்காலம் ஓடியது. அப்புறம் நாலு பேர் தள்ளினால் ஓடியது. அப்புறம் தள்ளுவதற்கு வந்த நாலு பேரும் வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தார்கள். பணம் என்ன ஆச்சு என்று நான் என் மனைவி மூலமாகக் கேட்டேன். தருகிறேன் என்று அவன் தன் அக்கா மூலமாகச் சொன்னான். மனைவியும் அக்காவும் ஒரே ஆள்தான் என்பதால் அவளுக்குத்தான் வாய் வலித்தது. அப்படியே நாங்கள் நேரில் பேசுவது நின்றுபோனது. சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை. நடந்திருந்தாலாவது யாராவது குறுக்கே வந்து விலக்கிவிட்டிருப்பார்கள்.

இரண்டு பேருக்கும் ஒரே கான்ட்ராக்டரிடம் வேலை. பெரிய டென்ட் போடுகிற வேலை. பேச்சு நின்ற பிறகும் கூலி நிற்க முடியாதே. அதனால் ஒரே கம்பத்தைத் தூக்கினோம், ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்தோம், சாப்பிடும்போது மட்டும் ஆளுக்கொரு மரத்தடிக்குப் போனோம்.

அன்று காலை நான் செருப்பு மாட்டும்போது மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"இந்த வேலை முடிஞ்சதும் அவன் கிளம்பிடுவான். கப்பல் கட்டுற இடத்துல வேலை கிடைச்சிருக்காம். திரும்பி வர ரெண்டு வருஷம் ஆகும்னு சொல்றான்."

"தெரியும்."

"போறதுக்கு முன்னாடி ஒரு வேளை நம்ம வீட்டுல சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

"நீயே கூப்பிடேன். உன் தம்பிதானே."

"நான் கூப்பிட்டா வரமாட்டான். நீங்க கூப்பிடணும்னு உட்கார்ந்திருக்கான். ஒரு வார்த்தைங்க. வாய்ல இருக்கிற முத்து ஒண்ணும் உதிர்ந்துடாது."

சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையை மென்றுகொண்டேதான் போனேன். வீட்டுக்கு வா, சாப்பிட்டுட்டுப் போ. இதில் கஷ்டமான எழுத்து ஒன்றுகூட இல்லை.

ஊருக்கு வெளியே ஒரு பெரிய மைதானம். அங்கே பாட்டு விழா. பாட்டுக் கேட்க வருகிறவர்கள் அங்கேயே தங்குவார்கள். வசதி உள்ளவர்கள் சொந்தமாகச் சின்னக் கூடாரம் கொண்டுவந்து போட்டுக்கொள்வார்கள். இல்லாதவர்கள் எல்லோரும் சேர்ந்து படுப்பதற்கு ஒரு பொது டென்ட். உள்ளே வரிசையாகக் கட்டில்கள், நடுவில் நடக்க வழி. ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு இருக்கும். அதைத்தான் நாங்கள் போட வேண்டும்.

எங்கள் ஆட்களில் ஒருவனுக்கு ரேடியோ என்று பெயர். வாயை மூடத் தெரியாது என்பதால் வந்த பெயர். எனக்கும் மச்சினனுக்கும் நடுவில் தூது போகிற வேலையும் அவன் தலையில் விழுந்திருந்தது.

"முளையை இன்னும் ஒரு அடி தள்ளி அடிக்கணும்னு சொல்லு," என்பேன் நான். மச்சினன் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் சம்மட்டியோடு நின்றுகொண்டிருப்பான்.

ரேடியோ அவன் பக்கம் திரும்பி, "முளையை இன்னும் ஒரு அடி தள்ளி அடிக்கணுமாம்," என்பான்.

"அங்க கல்லு இருக்குன்னு சொல்லு."

"அங்க கல்லு இருக்காம்."

"கல்லு இருக்கிறது எனக்கும் தெரியுது, அதுக்கு அந்தப் பக்கம்னு சொல்லு."

ரேடியோ தலையில் கை வைத்துக்கொண்டான். "மத்தளத்துக்கு ரெண்டு பக்கம்தான்யா இடி. எனக்கு மூணாவது பக்கம் கான்ட்ராக்டர் வேற அடிக்கிறார். ரெண்டு பேரும் கூலியில எனக்குக் கொஞ்சம் ஒதுக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மச்சினன்கூடச் சிரித்தான். நான் குனிந்து கயிற்றைப் பார்த்துக்கொண்டேன். அப்போதே கூப்பிட்டிருக்கலாம். ஆட்கள் சுற்றி நிற்கிறார்களே, தனியாக இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

இவ்வளவு பெரிய டென்டுக்கு ஒரே துணி கிடையாது. இரண்டு பெரிய படுதாக்களைத் தரையில் விரித்து, நடுவில் கயிறு போட்டுக் கோத்து ஒன்றாக்க வேண்டும். அப்புறம்தான் கம்பத்தில் ஏற்றித் தூக்குவது. கோக்கும் இடத்தில் ஒரு படுதாவின் விளிம்பு அடுத்ததன் மேல் ஒரு முழம் ஏறி உட்கார வேண்டும். அதைத்தான் மேல் மடிப்பு என்போம். காற்று வருகிற பக்கத்துப் படுதா மேலே இருந்தால் காற்று வழுக்கிக்கொண்டு போகும். கீழே இருந்தால் இடுக்கில் புகுந்து தூக்கிவிடும்.

ஒருவன் இந்தக் கோடியிலிருந்தும் இன்னொருவன் அந்தக் கோடியிலிருந்தும் கோத்துக்கொண்டே வந்து நடுவில் முடிச்சுப் போடுவோம். தொடங்குவதற்கு முன்னால் ஒருவன் கத்துவான்: "கிழக்கு மேல!" அடுத்தவனும் அதையே திருப்பிக் கத்துவான்: "கிழக்கு மேல!" சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் அதைச் சொல்லாமல் யாரும் கயிற்றைத் தொட மாட்டார்கள்.

கோப்பதில் நாங்கள் இரண்டு பேரும்தான் கைதேர்ந்தவர்கள். கான்ட்ராக்டர் ஒரு கோடிக்கு என்னையும் மறு கோடிக்கு அவனையும் அனுப்பினார். ரேடியோவை லாரியில் மிச்சமிருந்த முளைகளை இறக்கச் சொல்லிவிட்டார்.

நான் கோடியில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தேன். அந்தக் கோடியில் அவனும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். தூது போக ஆள் இல்லை. அவன் கத்தட்டும் என்று நான் காத்திருந்தேன். நான் கத்துவேன் என்று அவனும் காத்திருந்திருப்பான். கொஞ்ச நேரம் கழித்து அவன் குனிந்தான். நானும் குனிந்தேன்.

காலையிலிருந்து காற்று கிழக்கே இருந்துதான் அடித்தது. அதனால் நான் கிழக்குப் படுதாவை மேலே போட்டேன். அந்தப் பக்கம் அவன், சாயங்காலம் காற்று திரும்பி மேற்கே இருந்து அடிக்கும் என்று யோசித்து மேற்குப் படுதாவை மேலே போட்டிருக்கிறான். அவன் யோசித்ததில் தப்பு இல்லை. நான் யோசித்ததிலும் தப்பு இல்லை.

வெயில் முதுகில் ஏறியது. வளையத்தில் கயிற்றை விடுவது, இழுப்பது, முழங்காலை நகர்த்துவது, அடுத்த வளையம். நடுவில் வந்து சேர்ந்தபோது எங்கள் முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிக்கிற மாதிரி இருந்தன. அவன் தலையில் தூசி படிந்து கிழவன் மாதிரி தெரிந்தான். அப்போதுதான் பார்த்தோம். என் பக்கம் கிழக்கு மேலே, அவன் பக்கம் மேற்கு மேலே. இரண்டும் மாறுகிற இடத்தில் துணி முறுக்கிக்கொண்டு, கை நுழைகிற அளவுக்கு ஒரு வாய் திறந்திருந்தது.

யாராவது ஒருவன் தன் பாதி முழுவதையும் அவிழ்த்து மறுபடி கோக்க வேண்டும். அவன் அந்த முறுக்கைப் பார்த்தான். நானும் அதையே பார்த்தேன். சுற்றி ஆள் இல்லை. தனியாக இருக்கும்போது சொல்லலாம் என்று காலையில் நினைத்தேனே, அந்தத் தனிமை இதோ கிடைத்துவிட்டது. வாயைத் திறந்தேன். ஆனால் வீட்டுக்கு வா என்று இப்போது சொன்னால், அவிழ்க்கிற வேலையை அவன் தலையில் கட்டுவதற்காகக் குழைகிறேன் என்று நினைத்துவிடுவானோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

ரேடியோ முளைக் கட்டோடு வந்து எட்டிப் பார்த்தான். "என்னய்யா இது! சட்டையில மேல் பட்டன் ஆம்பளை மாதிரி, கீழ் பட்டன் பொம்பளை மாதிரி போட்டு வச்சிருக்கீங்க? யாராவது ஒருத்தர் அவுருங்கப்பா."

"யார் தப்பாப் போட்டாங்களோ அவங்களை அவுக்கச் சொல்லு," என்றேன் நான்.

"அதையே நானும் சொன்னதாச் சொல்லு," என்றான் அவன்.

தூரத்திலிருந்து கான்ட்ராக்டர் கத்தினார். "அங்க என்ன மாநாடா நடக்குது? கட்டில் வண்டி வந்துடுச்சு, ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க. தூக்குங்கடா!"

அவன் தன் கயிற்று நுனியை நீட்டினான். நான் என்னுடையதை நீட்டினேன். முறுக்கின் மேலேயே முடிச்சுப் போட்டோம். முடிச்சு மட்டும் நன்றாகத்தான் விழுந்தது.

டென்ட் எழுந்து நின்றபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் உச்சியில் அந்த வாய் வழியாக ஒரு துண்டு வானம் தெரிந்தது. கட்டில்கள் இறங்கின. முதுகுப் பையோடு பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். ஒரு பெண் அந்த ஓட்டைக்கு நேர் கீழே இருந்த கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இது ஜன்னலா? நல்ல காத்து வரும்போல," என்று சந்தோஷமாகக் கேட்டாள். நான் வெளியே வந்தேன்.

வெயில் சாய்ந்ததும் மச்சினன் கணக்குப்படியே காற்று திரும்பி மேற்கே இருந்து அடித்தது. முதலில் கொடிகள் படபடத்தன. அப்புறம் மைதானத்துத் தூசி முழுவதும் எழுந்து எங்களைப் பார்த்து ஓடிவந்தது. டென்ட் வயிறு உப்பி ஒரு மூச்சு இழுத்தது. உச்சியில் துணி கிழிகிற முதல் சத்தம் கேட்டது.

அவன் மேற்குப் பக்கக் கயிற்றில் இருந்தான். நான் எதிர்ப் பக்கம். அந்த மாதிரி நேரத்தில் எதிர்ப் பக்கத்துக் கயிற்றைத் தளர்த்திவிட்டால் துணி சுருங்கிக்கொடுக்கும், கிழிசல் அதோடு நிற்கும். அவன் ஒருமுறை உச்சியைப் பார்த்துவிட்டுக் கத்தினான். "ரேடியோ! கயித்தை விடச் சொல்லு! விடச் சொல்லுடா!"

எனக்குக் கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. ஆனாலும் ரேடியோவின் வாயிலிருந்து வரட்டும் என்று என் கை கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றது. அது வீம்பு என்றுகூடச் சொல்ல முடியாது. பழகிப்போயிருந்தது, அவ்வளவுதான். ரேடியோ ஓடிவந்து, மூச்சு வாங்கி, "விடுய்யா!" என்று அலறியபோது நான் விட்டேன். அதற்குள் கிழிசல் உச்சியிலிருந்து ஓரம்வரை ஓடிவிட்டது.

நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. பிள்ளைகள் பைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, சாப்பாட்டுக் கொட்டகையில் ஒண்டிக்கொண்டார்கள். ஜன்னல் என்று கேட்ட பெண் ஒரு பெஞ்சின் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டு எங்கேயோ ஆரம்பித்துவிட்டது. அவள் போகவில்லை.

கான்ட்ராக்டர் கிழிந்த படுதாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் வந்ததும் முறுக்கைக் கண்டுபிடித்துவிட்டார்.

"யாருடா இதை இப்படிக் கோத்தது?"

நான் உதட்டை ஈரமாக்கிக்கொண்டேன். அதற்குள் மச்சினன் முன்னால் போய்விட்டான்.

"நான்தான். மடிப்பை மாத்திப் போட்டுட்டேன். என் கூலியில பிடிச்சுக்குங்க."

"உன் கூலி மொத்தமும் போயிடும், தெரியுமா?"

"தெரியும்."

பாதி என்னுடையது என்று சொல்ல வேண்டும். ரேடியோ என்னைப் பார்த்தான். அவன் வாயிலிருந்து எதுவும் வராத அந்த நேரம் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. நான் கையில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டே நின்றேன். அவிழ்த்து முடித்து நிமிர்ந்தபோது கான்ட்ராக்டர் வேறு படுதாவுக்கு ஃபோன் பண்ணிக்கொண்டே போய்விட்டிருந்தார்.

மச்சினன் நேராக என்னிடம் வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தான்.

"மாமா, இந்தாங்க. எண்ணிப் பாத்துக்குங்க."

எத்தனை காலத்துக்கு அப்புறம் அந்தக் குரல் என்னைப் பார்த்து மாமா என்றது! நோட்டுகள் அவன் வியர்வையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"இது ஏது?"

"கப்பல் கம்பெனி அட்வான்ஸ். காலைலேருந்து பையிலதான் வச்சிருக்கேன். நீங்க ஒரு வார்த்தை பேசினா குடுத்துடலாம்னு இருந்தேன்."

வேண்டாம் என்றிருக்கலாம். இப்போது வைத்துக்கொள், அங்கே போய்ச் செலவுக்கு ஆகும் என்றிருக்கலாம். அவன் கூலி முழுவதும் என் கண் முன்னால் போயிருந்தது. ஆனால் எண்ணிப் பார் என்று ஒருவன் சொன்னால் எண்ணுகிற கை என் கை. நாக்கில் விரலைத் தொட்டுக்கொண்டு அவன் முன்னாலேயே எண்ணினேன். பதினெட்டாயிரத்து அறுநூறு சரியாக இருந்தது.

"சரியா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப நம்ம கணக்கு முடிஞ்சுது."

அவன் திரும்பினான். அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது.

"மாப்ளே, வீட்டுக்கு வா. சாப்பிட்டுட்டுப் போ. உங்க அக்கா உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கா."

அவன் நின்றான். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் சிரித்தான், காலையில் ரேடியோவைப் பார்த்துச் சிரித்த அதே மாதிரி.

"காலைல கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன் மாமா. இப்ப வந்தா பணத்தைக் குடுத்துட்டுச் சாப்பிட்ட மாதிரி ஆயிடும். அக்காவை உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க."

கட்டில் இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

மனைவி ஃபோன் பண்ணினாள். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

"கூப்பிட்டீங்களா? வர்றானா?"

"பணத்தைக் குடுத்துட்டான். பாக்கி இல்லாம மொத்தமும்."

பாத்திரச் சத்தம் நின்றது.

"நான் அதையா கேட்டேன்?" என்றாள்.