யாரும் தொடக்கூடாத நட்டு

சிக்னல் தொழிலாளர் சங்கச் செயலாளருக்கு ‘ஷரத்து’ என்று பட்டப்பெயர். எதற்கெடுத்தாலும் ஷரத்து காட்டுவார். தண்டவாள இணைப்பில் வரும் சிக்னல் கம்பியின் நட்டை யார் முறுக்குவது என்று ரயில் பாதையைப் பராமரிக்கும் கேங்மேன்களின் சங்கத்தோடு மூன்று வருஷம் மல்லுக்கட்டி ஜெயித்து, தன் ஆட்கள்தான் தொடலாம் என்று ஒப்பந்தத்தில் ஷரத்தும் எழுதியவர். அதற்காக அவர் நடத்திய வேலைநிறுத்தத்தில் ரயில் ஓடாமல், சொந்த மகளின் நேர்முகத் தேர்வே போயிற்று. ஒரு மாதம் மகள் அவரோடு பேசவில்லை.

இன்று இரண்டாவது தேர்வு, பத்து மணிக்கு. “நானே கூட்டிக்கிட்டுப் போறேன்மா” என்று லீவு போட்டு வந்தார். பாதி வழியில் சிவப்பு சிக்னல் விழுந்து ரயில் நின்றது.

இறங்கிப் போய்ப் பார்த்தால் அதே கம்பி, நட்டு தளர்ந்து தொங்குகிறது. பக்கத்தில் ஒரு கேங்மேன் ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

“முறுக்கி விடேன்யா!”

“ஐயையோ, ஏழாம் ஷரத்து இருக்கே! உங்க ஆள்தான் வரணும். ஒன்றரை மணி நேரம் ஆகுமாம்.”

“அப்ப ஸ்பேனரை என்கிட்ட குடு.”

“நீங்க லீவுல இருக்கீங்க. லீவுல இருக்கறவர் தொடக்கூடாது, எட்டாம் ஷரத்து. அதுவும் நீங்க எழுதுனதுதான் தலைவரே.”

நுணல் தன் வாயால் கெட்டது. இவர் பேனாவால் கெட்டார். இந்தத் தடவையும் தேர்வு போனால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

மகளே இறங்கி வந்துவிட்டாள். “அப்பா, நான் எந்தச் சங்கத்துல இருக்கேன்?”

“எதுலயும் இல்லையேம்மா.”

“அப்ப எனக்கு ஷரத்து கிடையாது.” ஸ்பேனரைப் பிடுங்கினாள். “எந்தப் பக்கம் திருப்பணும்?”

“வலது பக்கம்!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில். மூன்று வருஷத்தில் இரண்டு சங்கமும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

நாலு சுற்று. பச்சை விழுந்தது.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, கையெல்லாம் கிரீஸ் கறையோடு, தேர்வு நடக்கும் ஆபீஸ் வாசலில் கையெழுத்துப் போட அப்பாவின் பேனாவை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஷரத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பெஞ்சில் உட்கார்ந்ததும் போன் அடித்தது. கேங்மேன்தான்.

“தலைவரே, வெளியாள் நட்டைத் தொட்டது தப்புன்னு எங்க ஆளுங்க கொதிக்கிறாங்க. ரெண்டு சங்கமும் சேர்ந்து மனு குடுக்கணுமாம். கையெழுத்துப் போடுவீங்கல்ல?”

வெட்கக்கேடு! அவர் கை தானாகவே சட்டைப் பையைத் துழாவியது. பை காலி.

“பேனா இல்லப்பா,” என்றார் ஷரத்து. “மக வாங்கிட்டுப் போயிட்டா.”