பாக்கெட்டைப் பிடித்தவர் உட்காரக் கூடாது

எங்கள் அலுவலகம் ஒரு பாக்டீரியாவுக்குள் இருக்கிறது. காற்றோட்டம் சுமார்.

நான் அங்கே நகல் எழுத்தர். மரபணு என்பது ஒரு நீளமான நடைவழி. அதன் சுவரில் நாலே நாலு எழுத்துகள் மாறி மாறி எழுதியிருக்கும். நான் நடந்துகொண்டே நகலெடுக்க வேண்டும். பட்டறைக்காரர்கள் பின்னாலேயே வந்து, மை காய்வதற்குள் மூன்று மூன்று எழுத்தாகப் படித்துப் பொருளைச் செய்துவிடுவார்கள். பொறுமை கெட்ட ஜனங்கள்.

கத்தரிக்கோல் செய்யும் முறை எழுதிய நடைவழியின் வாசலில் குமுதவல்லி பெஞ்சு போட்டு மறித்து உட்கார்ந்திருக்கிறாள். அதுதான் அவள் உத்தியோகம். பால் பாக்கெட் இல்லாதபோது அதை வெட்டும் கத்தரி எதற்கு? நியாயம்தான். பாக்கெட் வந்தால் அவள் கையில் கொடுப்பார்கள். பாக்கெட்டைப் பிடித்தவர் உட்காரக் கூடாது என்பது விதி.

எனக்கு அவளைப் பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். அவளோடு கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். வேறு ஆசை இல்லை.

நாங்கள் தின்னும் சர்க்கரை மூட்டை நேற்று தீர்ந்தது. இன்று பால் பாக்கெட் வந்தது. அவள் எழுந்தாள்.

"சும்மா நிக்கறதுக்குப் பதிலா உங்ககூட வரட்டுமா?" என்று கேட்டாள்.

"வாங்க."

நடந்தோம். நடைவழி பெரிய மனது பண்ணிக் கொஞ்சம் நீண்டது. எழுதி முடித்தால் கத்தரி வந்துவிடும். பாக்கெட்டை வெட்டிவிடுவார்கள். அவள் உட்காரப் போய்விடுவாள். ஆகவே ஓர் எழுத்தை வேண்டுமென்றே மாற்றி எழுதினேன்.

கத்தரி வந்தது. நடுவில் ஆணி இல்லை.

மேலாளர் தங்கப்பழம் வந்தார். பசியில் அவர் இடுப்புக்குக் கீழே மறைந்துவிட்டிருந்தார்.

"ஆணி எங்கய்யா?"

"சுவத்துல இல்லீங்க சார்."

"சுவரு பொய் சொல்லாது," என்றார். அவருடைய மீசையும் மறைந்தது.

குமுதவல்லி என் நகலை வாங்கிப் படித்தாள். அந்த எழுத்தில் விரலை வைத்தாள்.

"எனக்காகவா?"

"ஆமா."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாரும் பட்டினி. திருப்பி எழுதுங்க."

"நீங்க போயிடுவீங்களே."

"போவேன்."

வாசலிலிருந்து மறுபடி ஒழுங்காக எழுதினேன். எனக்கு அழுகை வந்தது. கத்தரி வந்தது, ஆணியோடு. பாக்கெட்டை வெட்டினார்கள். எல்லோரும் குடித்தார்கள். தங்கப்பழத்துக்குக் கால்கள் திரும்பி வந்தன. இடது கால் சற்றுத் தாமதம்.

அவள் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். நடுவில் இல்லை. ஓரமாக.

"இப்படி உக்காந்தா ஒரு ஆள் நுழையற எடம் இருக்கே," என்றேன்.

"தெரியுது. யாராவது அடைச்சாத்தான் உண்டு."

பேனாவை மூடினேன். போய் உட்கார்ந்தேன். இப்போது வழி நன்றாக அடைபட்டிருக்கிறது.