ஐஸ் துரையின் வாரிசு

கம்பெனி குவார்ட்டர்ஸ் வீடு கிடைக்கிறவரை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, கண்ணையனின் பெண்டாட்டி வீராயி குறிஞ்சிப்பாடிக்குத் தாய்வீடு போய்விட்டாள். குவார்ட்டர்ஸ் வேண்டுமென்றால் பர்மனென்ட் ஆகவேண்டும். நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆளாக மண் வெட்டிய கண்ணையனுக்கு அதற்கு ஒரே வழிதான் தெரிந்தது: ஹாக்கி. நன்றாக ஆடுகிறவனைக் கம்பெனியே எடுத்துக்கொள்ளும் என்று பேச்சு. ஆனால் ஹாக்கி மட்டையை அவன் தொட்டதுகூடக் கிடையாது.

அவனை ஹாக்கி டீமுக்குப் பிடித்துக்கொண்டு வந்தவர் ஐஸ் துரை. ராட்சத இயந்திரம் பூட்ட வந்த கனடாக்காரக் கிழவர். வாலிபத்தில் உறைந்த பனிமேல், காலில் கத்தி கட்டிக்கொண்டு, சம்பளத்துக்கு ஹாக்கி ஆடினவராம். சித்திரை வெயிலில் வெந்துகொண்டிருந்த நெய்வேலியில் இதை யார் நம்புவார்கள்? ஆனால் அவருக்கு முன்பல் மூன்றைக் காணோம், மூக்கும் கோணல். வருகிறவனைத் தோளால் இடித்து நிறுத்துவதுதான் அவர் வேலையாம். கோல் போட்டவன் பேரெல்லாம் கோப்பையில் இருக்கிறது, தடுத்தவன் பேரை எவனும் எழுதவில்லை என்று கிழவருக்குத் தீராத மனக்குறை. கேன்டீன் வரிசையில் கண்ணையனைத் தாண்டி ஒருவனும் குறுக்கே புக முடியாததைப் பார்த்த அன்று அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"பந்தைப் பாக்காதே, ஆளோட நெஞ்சைப் பாருன்றாரு" என்று கிரேன் ஓட்டும் அருள்நாதன் மொழிபெயர்த்தான். துரைக்குத் தெரிந்த தமிழ் ஒரே வார்த்தை: "இடி!"

நெல்லிக்குப்பத்துக்காரர்களோடு மேட்ச். மண்தரை ஹாக்கியில் ஆளை இடிக்கக் கூடாது என்று கண்ணையனுக்கு யாரும் சொல்லவில்லை. துரை அந்தச் சட்டத்தையே ஒப்புக்கொள்ளவில்லை. முதலில் வந்தவன் உருண்டான். அடுத்து வந்தவன் கொடிக்கம்பத்தோடு சாய்ந்தான். விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்த நடுவருக்கும் நெஞ்சு இருந்தது. கண்ணையன் அதையும் பார்த்தான்.

வெளியே அனுப்பிவிட்டார்கள். "வூடும் போச்சு, பொண்டாட்டியும் போச்சு" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

மறுநாள் ஆபீசர் கூப்பிட்டார். "உன்னைத் தாண்டி ஒருத்தனும் போகலியே! ஸ்டோர் கேட்ல நில்லு. பாஸ் இல்லாம ஒரு ஆணிகூட வெளியே போகக் கூடாது, யாரா இருந்தாலும் சரி. ஒரு மாசம் ஒழுங்கா நின்னா பர்மனென்ட்."

மாதக் கடைசியில் துரை ஊருக்குக் கிளம்பினார். ஸ்டோர் ஆசாரியிடம் சொல்லிச் செய்த புது மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அருள்நாதனோடு கேட்டுக்கு வந்தார்.

"துரை, பாஸ் வேணுங்க."

துரை பொக்கைவாயால் சிரித்துவிட்டு நடந்துகொண்டே இருந்தார். இவர் இல்லாவிட்டால் இந்த வேலையே ஏது? ஆனால் கண்ணை மூடினால் வீராயி நின்றாள். மட்டையைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்த்தான்.

துரை போய் மணல் குவியலில் விழுந்தார். அருள்நாதன் சிலுவை போட்டுக்கொண்டான். கிழவரோ மணலில் உட்கார்ந்தபடி கண்ணில் நீர் வரச் சிரித்து, என்னவோ சொன்னார்.

"இன்னா சொல்றாரு?" என்றான் கண்ணையன்.

"இத்தினி வருசம் ஆடி இன்னா சாதிச்சேன்னு இனிமே எவனாச்சும் கேட்டா, நெய்வேலிக்குப் போயி இந்த ஆளைத் தாண்டிப் பாருன்னு சொல்லுவாராம்."

துரை எழுந்து போய்ப் பாஸ் வாங்கிவந்தார்.

கண்ணையன் பர்மனென்ட் ஆனான், குவார்ட்டர்ஸும் கிடைத்தது. சேதி கேட்டு வீராயி டிரங்குப் பெட்டியோடு நேரே கேட்டுக்கே வந்தாள். "பாஸ் இருக்குதா?" என்றான் அவன், கை விரித்து நின்றுகொண்டு.

"சாவி எங்கய்யா?" என்று ஒரு இடி இடித்துவிட்டு அவள் உள்ளே போனாள். அந்தக் கேட்டில் பாஸ் இல்லாமல் அவனைத் தாண்டியது அவள் ஒருத்திதான்.