மறைந்துவிட்டார்

செவ்வாய்க்கிழமை காலை காபி குடித்துக்கொண்டிருந்தபோது என் கணவர் இளம்பரிதி மறைந்துவிட்டார். சோபாவில்தான் இருந்தார். டம்ளர் மட்டும் மேலே போய்க் கீழே வந்தது.

"சர்க்கரை கம்மி," என்றார்.

எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் எழுதினேன்: "என் கணவர் மறைந்துவிட்டார். என்ன செய்யலாம்?"

பதிலுக்குக் கும்பிடும் கை எமோஜிகள் வந்து குவிந்தன. பிறகு அழைப்பு மணி அடித்தது. சங்கச் செயலாளர் தணிகைவேல் மாலையுடன் நின்றார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் ஃப்ரீசர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் நடக்க நடக்க வராந்தா நீண்டது.

"எத்தனை மணிக்கு எடுக்கறோம்?" என்றார் தணிகைவேல்.

"எதை?"

"சாரைத்தாம்மா."

"அவர் சாகலை சார். கண்ணுக்குத் தெரியலை, அவ்வளவுதான்."

"மறைந்துவிட்டார்னு போட்டிருக்கீங்களே."

"நிலா மறைஞ்சிடுச்சுன்னு சொல்றோம். அதுக்கு மாலை போடுறோமா?"

"நிலா நம்ம அசோசியேஷன்ல இல்லம்மா. காணோம்னு போட்டிருந்தா தேடியிருப்போம். மறைந்துவிட்டார்னா மாலைதான்."

"சரி, காணோம்னு மாத்திடறேன்."

"எல்லாரும் இரங்கல் சொல்லியாச்சு. இப்ப மாத்தினா நல்லா இருக்காது."

"யாரு வந்திருக்கா?" என்று சோபாவிலிருந்து கேட்டார் இளம்பரிதி.

தணிகைவேல் கண்களைத் துடைத்துக்கொண்டார். "சாரோட குரல் இன்னும் காதுலயே இருக்கு."

ஒருவழியாகப் பெட்டி வந்து சேர்ந்தது. தூக்க வந்தவர்கள் சோபாவைத் தடவிப் பார்த்து அவரைப் பிடித்தார்கள்.

"மெதுவாப்பா, இடுப்பு வலி இருக்கு," என்றார் இளம்பரிதி.

"பாவம், என்ன கனம்," என்றான் ஒருவன்.

பாய்ந்து அவர் கையைத் தேடிப் பிடித்தேன். சூடாக இருந்தது. அவரும் இறுகப் பிடித்துக்கொண்டார். நான் பின்னால் இழுத்தேன். அவர்கள் பெட்டிக்குள் இழுத்தார்கள்.

"விடுங்க, என் புருஷன்," என்றேன்.

தணிகைவேல் சுற்றுமுற்றும் பார்த்தார். "அம்மா எங்க? இப்ப இங்கதானே நின்னாங்க?"

"இங்கதான் சார் நிக்கிறேன்."

அவர் முகம் மாறியது. மாலையைக் கீழே வைத்துவிட்டு, மூக்கை உறிஞ்சியபடி தட்டச்சு செய்தார். என் போனில் மணி ஒலித்தது.

‘திருமதி பூங்குளலி அவர்களும் மறைந்துவிட்டார்.’

"ழ சார்," என்றேன். "பூங்குழலி. ழ."

அவர் தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு பெட்டிக்குப் போன் செய்தார்.