எதிர் பெஞ்சு

இலவசமாக எதையாவது தருகிறேன் என்று யாராவது சொன்னால், எங்கள் வெர்லீன் முதலில் வெளியே போகும் கதவு எங்கே இருக்கிறது என்று பார்ப்பாள். டெட்ராய்ட்டில் எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் கொஞ்சம் அப்படித்தான், அவள் ஒரு படி மேல். பழைய குற்றப் பதிவை நீக்கிக்கொள்ள இலவச உதவி என்று எங்கள் சர்ச்சில் அறிவித்ததும், "போலீஸ் வலைடா இது" என்றாள். உங்களுக்கு டிவி பரிசு விழுந்திருக்கிறது, வாருங்கள் என்று கூப்பிட்டு, போனவர்களைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு போன கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் சித்தப்பா மகனான என்னை முதலில் உள்ளே அனுப்பினாள். என்மேல் ஒரு வழக்கும் கிடையாது. நான் கையில் டோனட்டோடு பத்திரமாகத் திரும்பி வந்த பிறகுதான் காரை விட்டு இறங்கினாள்.

அவ்வளவு பயந்தும் இறங்கினாள் என்றால் அதற்குக் காரணம் ஜாய்லின். வெர்லீனின் தங்கை மகள், ஆறு வயது. தங்கை போன குளிர்காலத்தில் செத்துப்போனாள். குழந்தைகள் நலத் துறைக்காரர்கள் பிள்ளையை ஃபிளின்ட் ஊரில் முன்பின் தெரியாத ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். பெரியம்மா நான் இருக்கிறேன், கொடுங்கள் என்று இவள் போய் நின்றாள். அடிதடி வழக்கில் தண்டனை வாங்கியவர் வீட்டில் பிள்ளையை விட முடியாது, பதிவு நீங்கினால் வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்த அடிதடியைச் சொன்னால் சிரிப்பீர்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை, காசு போட்டுத் துணி துவைக்கும் கடையில் டிரையர் யாருடையது என்று சண்டை. வெர்லீன் சோப்புத் திரவக் கேனைத் தூக்கி அடித்தாள். எதிராளி பெர்னடீன் ப்ரூயிட் இவளுடைய முன்பல்லை உடைத்தாள். போலீஸ் வந்து பஞ்சாயத்து பண்ணாமல் இரண்டு பேர் மேலும் வழக்குப் போட்டது. கோர்ட்டு கொடுத்த வக்கீல், "ஒத்துக்கிட்டா ஜெயில் இல்லம்மா" என்றார். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். அது ஆயுளுக்கும் கூடவே வரும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

சர்ச்சில் கிர்ஸ்டன் டைக்ஸ்ட்ரா என்ற சின்ன வயது வக்கீலம்மா உட்கார்ந்திருந்தாள்.

"இது ஒரே வழக்குதானா?"

"எதுக்குக் கேக்குற?"

"அதுக்கப்புறம் வேற ஏதாவது தண்டனை?"

"உனக்கு யார் என்ன சொன்னாங்க?"

இப்படியே போய், கடைசியில் வக்கீலம்மா கணினியைத் திருப்பிக் காட்டினாள். ஒரே வழக்கு, வேண்டிய வருடங்கள் ஓடிவிட்டன, வேறு தப்பு இல்லை, மனுப் போடத் தகுதி உண்டு. கைரேகை எடுத்து மாநிலப் போலீசுக்கு அனுப்ப வேண்டும், பிறகு ஜட்ஜ் முன்னால் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

"இவ்வளவு சுலபமா? எங்கேயோ இடிக்குதே" என்றாள் வெர்லீன்.

இடிக்கத்தான் செய்தது. அடிதடி வழக்கு என்றால், அடிபட்டவருக்கும் அரசு வக்கீல் தகவல் சொல்லுவார். அவர் கோர்ட்டுக்கு வந்து, பதிவை நீக்கக் கூடாது என்று சொல்லலாம். அதைக் கேட்டதிலிருந்து வெர்லீன் சரியாகத் தூங்கவில்லை. அரசு வக்கீல் ஆபீசிலிருந்து இவளுக்கும் போன் வந்துகொண்டிருந்தது. தெரியாத நம்பர் என்று ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

செப்டம்பரில் வழக்கு வந்தது. கோர்ட்டு வராந்தாவில் எதிர் பெஞ்சில் பெர்னடீன், ஞாயிற்றுக்கிழமை உடுப்பில், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டா பாரு, அலோன்ஸோ. என்னைக் கவுக்க எப்படிச் சிங்காரிச்சுட்டு வந்திருக்கா பாரு."

டைக்ஸ்ட்ரா குனிந்து மெல்லச் சொன்னாள். "அவங்களும் மனுப் போட்டிருக்காங்க. உங்க வழக்குல அவங்கதான் அடிபட்டவங்க. அவங்க வழக்குல நீங்க. இந்த மாதிரி மனுவையெல்லாம் ஒரே நாள்லதான் எடுப்பாங்க. பேர் வரிசைப்படி அவங்களுது முதல்ல. அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசிடாதீங்க, மிரட்டினதா ஆயிடும்."

அங்கே பெர்னடீனின் வக்கீலும் அதையே ஓதியிருக்க வேண்டும். இரண்டு பேரும் பேசாமல் முறைத்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு வார்த்தை பேசியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"அவளுது முதல்லன்னா, நான் சரின்னு விட்டுடுவேன். அவ காரியம் முடிஞ்சிடும். அப்புறம் எனக்கு ஏன் விட்டுக் கொடுக்கப் போறா?" என்றாள் வெர்லீன்.

"ஏன் அப்படி நினைக்கிற?"

"நான்னா அப்படித்தான் செய்வேன்."

உள்ளே கூப்பிட்டார்கள். பெர்னடீன் ஒரு முதியோர் இல்லத்தின் சமையல்கட்டில் வேலை பார்க்கிறாளாம். நர்சுக்குப் படித்து முடித்தும் இந்த வழக்கால் உரிமம் கிடைக்கவில்லையாம். ஜட்ஜ் ஐயா கேட்டுக்கொண்டார். பிறகு, "அடிபட்டவர் இருக்கிறாரா?" என்றார்.

வெர்லீன் எழுந்தாள். உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார்கள்.

"ஐயா, என்னுதை முதல்ல எடுத்துடுங்களேன். அப்புறமா சொல்றேன்."

"இங்க பேரம் கிடையாதும்மா. இப்ப சொல்லணும், இல்லன்னா உக்காரணும்."

வெர்லீன் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. எந்த 'வேண்டாம்' என்று அவளுக்குப் புரிந்ததோ தெரியவில்லை.

"எனக்கு இன்னும் அவங்களைப் பார்த்தா பயமா இருக்குங்க ஐயா" என்றாள். "நர்சு வேலைன்னா வயசானவங்க, படுத்த படுக்கையா இருக்கறவங்க. அவங்க கையில விடறது சரியில்லீங்க."

வெர்லீனுக்குப் பயமா! பெர்னடீன் அவளைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் முகத்தில் இருந்தது வெறும் ஆச்சரியம். ஜட்ஜ் மனுவைத் தள்ளுபடி செய்தார். மறுபடி மனுப் போட மூன்று வருடம் காத்திருக்க வேண்டும்.

பெர்னடீன் எழுந்து போகவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் போகாம இருக்கா?" வெர்லீன் என் கையை நகம் பதியப் பிடித்தாள். "எனக்குத் திருப்பிக் குடுக்கத்தான் உக்காந்திருக்கா."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது, உள்ளதைச் சொல்கிறேன். இவள் செய்த காரியத்துக்கு நானாக இருந்தாலும் உட்கார்ந்திருப்பேன்.

வெர்லீனின் பெயரைக் கூப்பிட்டார்கள். டைக்ஸ்ட்ரா ஜாய்லினைப் பற்றி நன்றாகவே பேசினாள். ஜட்ஜ், அடிபட்டவர் பக்கம் என்ன என்று கேட்டார். அரசு வக்கீல் எழுந்தார்.

"மிசஸ் ப்ரூயிட் ஏப்ரல் மாசமே எங்களுக்குப் போன் பண்ணிட்டாங்க ஐயா. ஆட்சேபணை இல்லைன்னாங்க. 'அன்னிக்கு ரெண்டு பேருமே முட்டாளுங்க, ஒருத்தியை மட்டும் ஏன் இன்னும் புடிச்சு வெக்கணும்'னு சொன்னாங்க."

ஏப்ரல். பெர்னடீனுக்குத் தங்கள் வழக்கு எப்போது வரும், முதலில் யாருடையது, இவள் என்ன சொல்லுவாள், எதுவுமே தெரியாத நேரம். எனக்கு அந்த இடத்தில் உட்காரவே வெட்கமாக இருந்தது.

"அப்ப சரி" என்று ஜட்ஜ் பேனாவை எடுத்தார்.

வெர்லீன் எழுந்து நின்றாள். டைக்ஸ்ட்ரா அவள் சட்டைக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். நான் பின்னாலிருந்து பல்லைக் கடித்தேன். உட்காருடி. கையெழுத்துப் போடட்டும், உட்காரு. ஃபிளின்ட்டில் பிள்ளை உட்கார்ந்திருக்கு.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்க. முன்னாடி நான் சொன்னது பொய்."

ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். "எது பொய்?"

"பயம்னு சொன்னது. எனக்கு அவமேல ஒரு பயமும் இல்ல. அவ என்னைக் கவுத்துடுவான்னுதான் முந்திக்கிட்டேன்."

"சத்தியம் பண்ணிட்டு என் முன்னாடியே பொய் சொன்னீங்க. இப்ப அதையே என்கிட்ட சொல்றீங்க. திருந்திட்டேன்னு மனுப் போட்டிருக்கறதும் நீங்கதான்."

"ஆமாங்க ஐயா."

"இதுக்கப்புறம் நான் கையெழுத்துப் போடுவேன்னு நினைக்கிறீங்களா?"

"தெரியலீங்க." அவள் பெர்னடீன் பக்கம் கையைக் காட்டினாள். "ஆனா அவங்களுது தப்பாப் போச்சு. அதை மட்டும் சரி பண்ணிடுங்க."

எனக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது. அதே நேரத்தில் கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து வரும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

ஜட்ஜ் பெர்னடீன் பக்கம் திரும்பினார். "மிசஸ் ப்ரூயிட், எல்லாத்தையும் கேட்டீங்க. உங்க மனுவை மறுபடி எடுத்துக்கறேன், அது வேற. இவங்க விஷயத்துல ஏப்ரல்ல சொன்னதை இப்ப மாத்திக்கணும்னா மாத்திக்கலாம். நானும் தப்பா நினைக்க மாட்டேன்."

பெர்னடீன் எழுந்தாள். பாவாடையை நீவிவிட்டுக்கொண்டாள். வெர்லீனை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பிள்ளை எங்கள் வீட்டுக்கு வருமா வராதா என்பது அவள் வாயில் இருந்தது.

"அந்தப் பொண்ணுக்கு எத்தனை வயசு?" என்று கேட்டாள்.

"ஆறு" என்றாள் வெர்லீன்.

"நான் சொன்னது சொன்னதுதான் ஐயா. இவ இப்படிங்கறதுக்காக நான் மாத்திப் பேச முடியாது."

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெர்லீனை நன்றாகத் திட்டினார், அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. பிறகு இரண்டு மனுவிலும் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வராந்தாவில் வெர்லீன் அவளுக்குப் பின்னால் ஓடினாள். "பெர்னடீன், உன்கிட்ட..." என்று ஆரம்பித்தாள்.

பெர்னடீன் லிஃப்ட் பொத்தானை அமுக்கினாள்.

"உன்னை நான் இன்னும் நம்பல" என்றாள். "போ. போயி புள்ளையைக் கூட்டிட்டு வா."